கிர்கிஸ்தான் பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்: ஊர், மலை, மக்கள், சாப்பாடு, குளிர்

பையன எம்பிபிஎஸ் படிக்க அனுப்பலாமான்னு யோசிக்கிற அப்பா அம்மா, ரீல்ஸ் பாத்துட்டு டூர் கெளம்பத் துடிக்கிறவங்க, பொது அறிவுக்காக கேக்குறவங்க, எல்லாரும் சுத்தி சுத்தி கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால எல்லாத்தையும் சேத்து எழுதியாச்சு. நீளமா இருக்கும், வேணுங்கறத மட்டும் படிச்சுக்கோங்க.

கிர்கிஸ்தான் எங்க இருக்கு? ஆப்கானிஸ்தானை ஒட்டியா?

இல்லங்க, நடுவுல தஜிகிஸ்தான் இருக்கு. வடக்க கஜகஸ்தான், மேற்க உஸ்பெகிஸ்தான், தெற்க தஜிகிஸ்தான், கிழக்க சீனா. கடல் எந்தப் பக்கமும் கிடையாது. 1991 ஆகஸ்ட் 31 வரைக்கும் சோவியத் யூனியன்ல ஒரு குடியரசு, அன்னைக்குத்தான் சுதந்திரம் அறிவிச்சாங்க. பேர்ல 'ஸ்தான்' வந்தாலே குண்டு வெடிக்கிற ஊருன்னு முடிவு பண்ணிடுறாங்க நம்மாளுங்க, அது பாவம். பரப்பளவு சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை 70 லட்சத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். டெல்லியில இருந்து நேர் ஃப்ளைட்டுன்னா தலைநகர் பிஷ்கெக்குக்கு மூணரை மணி நேரம் சுமாரா ஆகும். மணி நம்மள விட அரை மணி நேரம்தான் முன்னாடி, அதனால வீட்டுக்கு போன் பண்றதுல குழப்பமே வராது.

இவ்ளோ இடம் இருந்தும் ஏன் ஆளே இல்ல?

மலை. இந்த நாட்டுல எதைக் கேட்டாலும் கடைசியில மலையிலதான் போய் நிக்கும். நிலத்துல 90 சதவீதத்துக்கு மேல மலைதான், நாட்டோட சராசரி உயரமே 2,750 மீட்டர். நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர்தான், அதாவது அவங்க ஊரு சராசரியே நம்ம ஊட்டி உச்சியை விட ஒசரம், யோசிச்சுப் பாருங்க. தியான் ஷான் மலைத்தொடர்தான் முக்கால்வாசி, தெற்குல பாமிர் பக்கத்து மலைங்க. சீன எல்லையில இருக்குற ஜெங்கிஷ் சொகுசு சிகரம் 7,439 மீட்டர். (சொகுசுன்னு படிச்சதும் சிரிப்பு வரும், ஏறப் போனவங்கள்ல நிறைய பேர் திரும்பி வரல.)

அதனால ஜனங்க இருக்குறது மலைக்கு நடுவுல கெடைக்கிற பள்ளத்தாக்குலதான். வடக்க சூய் பள்ளத்தாக்கு, அங்கதான் பிஷ்கெக். தெற்க ஃபெர்கானா பள்ளத்தாக்கோட ஓரம், அங்க ஓஷ், ஜலாலாபாத். கிழக்க இஸிக்-குல் ஏரிக்கரை. இந்த மூணையும் விட்டா நரின், தலாஸ்னு சின்ன ஊருங்க. பிஷ்கெக்குல இருந்து ஓஷ் போறதுக்கு ரோடு 600 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல 3,000 மீட்டருக்கு மேல இருக்குற கணவாய் ரெண்டு, தூ-அஷூங்கற இடத்துல மலையைக் கொடஞ்சு டனல் போட்டிருக்காங்க, பனிக்காலத்துல பனிச்சரிவு வந்தா வண்டியெல்லாம் அங்கேயே வரிசை கட்டி நிக்கும். பத்து பன்னெண்டு மணி நேரப் பயணம். காசு இருக்கறவங்க உள்நாட்டு ஃப்ளைட் புடிச்சு ஒரு மணி நேரத்துல போயிடுவாங்க.

வடக்கத்திக்காரங்க, தெற்கத்திக்காரங்கன்னு பிரிச்சுப் பேசுறாங்களே?

பேசுவாங்க, நிறையவே. நடுவுல அவ்ளோ பெரிய மலை இருக்கறப்ப ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி வளந்துட்டாங்க. வடக்குல ரஷ்யத் தாக்கம் ஜாஸ்தி, பேச்சுல பாதி ரஷ்யன். தெற்குல உஸ்பெக் மக்கள் அதிகம், மார்க்கெட், மசூதி, சாப்பாடு எல்லாமே வேற வாசனை, மதப் பற்றும் கூட. ஓஷ் நகரம் ரொம்பப் பழசு, ஊருக்கு நடுவுலயே சுலைமான்-தூன்னு ஒரு பாறை மலை, 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. முகலாய சாம்ராஜ்யத்தை ஆரம்பிச்ச பாபர் பொறந்தது பக்கத்துல ஆண்டிஜான்ல, இப்ப அது உஸ்பெகிஸ்தான். அவர் இந்த மலை மேல ஒரு சின்ன அறை கட்டினதா சொல்லி இப்பவும் காட்டுறாங்க.

2010 ஜூன்ல இதே ஓஷ்ல கிர்கிஸ், உஸ்பெக் மக்களுக்கு நடுவுல பெரிய கலவரம், நூத்துக்கணக்குல செத்துப் போனாங்க. அங்க போனா டாக்சிக்காரர்கிட்ட இதைப் பத்தி வாயைக் கிளறாதீங்க.

மேப்ல அந்த தென்மேற்கு மூலை ஏன் அப்படி கோணல் மாணலா இருக்கு?

ஸ்டாலின் காலத்துல கோடு போட்டாங்க, அப்ப எல்லாமே ஒரே நாடுதானேன்னு யாரும் பெருசா கவலைப்படல. 1991ல அந்தக் கோடே சர்வதேச எல்லை ஆயிடுச்சு. கிர்கிஸ்தானுக்கு உள்ளேயே சோக்னு ஒரு உஸ்பெக் துண்டு, வோருக்னு ஒரு தஜிக் துண்டு தீவு மாதிரி இருக்கு. ஒருத்தன் வயலுக்கு வர்ற வாய்க்கா அடுத்த நாட்டுல இருந்து வருது, மேய்ச்சலுக்குப் போற பாதை இன்னொரு நாடு. 2021 ஏப்ரல்ல தண்ணி மதகு ஒன்னுகிட்ட ஆரம்பிச்ச தகராறு ரெண்டு ராணுவமும் சுட்டுக்குற அளவுக்குப் போச்சு, 2022 செப்டம்பர்ல அதை விட மோசம், ரெண்டு பக்கமும் சேத்து நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. அப்புறம் பேசிப் பேசி 2025 மார்ச்ல தஜிகிஸ்தானோட எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, மூடிக் கெடந்த செக்போஸ்ட் தொறந்தாச்சு.

மக்கள் யாரு? பாக்க சீனாக்காரங்க மாதிரி இருக்காங்களே?

அவங்ககிட்ட அப்படி சொல்லிடாதீங்க. கிர்கிஸ் மக்கள் துருக்கிய இனம், ஜனத்தொகையில முக்கால் பங்கு அவங்கதான். அடுத்து உஸ்பெக், அப்புறம் ரஷ்யர்கள், சோவியத் உடைஞ்சப்புறம் ரஷ்யர்கள் நிறைய பேர் கெளம்பிப் போயிட்டாங்க. டுங்கன்னு ஒரு கூட்டம் இருக்கு, சீனாவுல இருந்து 1870, 80கள்ல கலவரத்துக்கு தப்பிச்சு மலை தாண்டி ஓடி வந்த முஸ்லிம்கள். இஸிக்-குல் ஏரிக்குக் கிழக்க இருக்குற காராகோல் ஊர்ல அவங்க கட்டின மர மசூதி ஒன்னு இருக்கு, பாத்தா சீனக் கோயில் மாதிரியே இருக்கும்.

கிர்கிஸ் வீட்டுல ஆம்பளப் பசங்களுக்கு ஏழு தலைமுறை அப்பா வழி தாத்தா பேரெல்லாம் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும். சும்மா பெருமைக்கு இல்ல, அந்த ஏழு தலைமுறைக்குள்ள பொண்ணு எடுக்கக் கூடாது. பெரியவங்க புதுசா ஒரு கிர்கிஸ் பையனைப் பாத்தா எந்த ஊரு, எந்த வம்சம்னு விசாரிச்சு ரெண்டே நிமிஷத்துல ஏதாவது ஒரு உறவு கண்டுபுடிச்சிடுவாங்க. தெரியாத ஆளைக் கூப்பிடறதுலயும் உறவு முறைதான், மூத்த ஆம்பளைன்னா 'பைகே', மூத்த பொம்பளைன்னா 'எஜே'. கடையில, பஸ்ல இந்த ரெண்டை மட்டும் சொல்லிப் பாருங்க, மூஞ்சி மலந்துடும்.

என்ன பாஷை? இங்கிலீஷ் வெச்சு சமாளிக்கலாமா?

கிர்கிஸ் நாட்டு மொழி, ரஷ்யன் அலுவல் மொழி, ரெண்டும் எழுதறது சிரிலிக் எழுத்துல. பிஷ்கெக் காபி ஷாப்ல சின்னப் பசங்க இங்கிலீஷ் பேசுவாங்க, அதைத் தாண்டினா கஷ்டம். ஒரு வாரம் உக்காந்து சிரிலிக் எழுத்தைப் படிக்கக் கத்துக்கிட்டா பாதி பிரச்சனை தீந்துச்சு, போர்டுல இருக்குறது ஆப்தேகா, பேங்க், மார்க்கெத்னு புரிஞ்சிடும். ஆப்தேகான்னா மெடிக்கல் ஷாப்பு.

எல்லாரும் முஸ்லிமா? ரொம்ப கட்டுப்பாடா இருக்குமா?

பத்துல ஒன்பது பேர் சன்னி முஸ்லிம். ஆனா எழுபது வருஷ சோவியத் ஆட்சியும் அதுக்கு முன்னாடி நாடோடி வாழ்க்கையும் சேந்து ஒரு தனி ரகம். ஒரே மேஜையில தொழுகைக்குப் போற அண்ணனும் வோட்கா ஊத்துற தம்பியும் உக்காந்திருப்பாங்க, சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேருமே கையை விரிச்சு மூஞ்சியத் தடவி 'ஓமின்'னு சொல்லுவாங்க. இப்போ இளசுங்க மத்தியில மதப் பற்று ஏறுது, புது மசூதிங்க நிறைய, அது வேற கதை. மார்ச் 21ல வர்ற 'நூருஸ்'ங்கற வசந்தகாலப் புத்தாண்டுதான் பெரிய கொண்டாட்டம், மொளைக்க வெச்ச கோதுமையை ராத்திரி முழுக்க கெளறி சுமோலோக்னு ஒரு கூழ் காய்ச்சுவாங்க, அடி புடிக்காம இருக்க சட்டிக்குள்ள கூழாங்கல்லு போடுவாங்க, பொம்பளைங்க சுத்தி உக்காந்து பாட்டும் பேச்சுமா விடிஞ்சிடும்.

இன்னும் கூடாரத்துலதான் வாழுறாங்களா?

வருஷம் முழுக்க இல்ல. எல்லாருக்கும் வீடு இருக்கு, ஊர் இருக்கு, பசங்களுக்கு ஸ்கூல் இருக்கு. ஆனா மே கடைசி, ஜூன் வந்தா ஆடு மாடு குதிரை வெச்சிருக்குற குடும்பங்க ஜைலோன்னு சொல்ற மேட்டுப் புல்வெளிக்கு ஏறிடுவாங்க, செப்டம்பர்ல இறங்குவாங்க. சோன்-குல் ஏரி 3,016 மீட்டர் ஒசரத்துல இருக்கு, கோடையில அதைச் சுத்தி வெள்ளை வெள்ளையா யுர்ட் கூடாரம். மரச்சட்டத்தை விரிச்சு வட்டமா நிறுத்தி, மேல வளஞ்ச கம்புங்களை ஒரு மர வளையத்துல சொருகி, சுத்தி ஆட்டு ரோமக் கம்பளி போத்துவாங்க, ஆணியே கிடையாது, பழக்கமான குடும்பம்னா ரெண்டு மூணு மணி நேரத்துல முடிச்சிடும். மேல இருக்குற அந்த வளையம் பேர் துந்துக், புகை போறதும் வெளிச்சம் வர்றதும் அது வழியாதான், நாட்டுக் கொடியில சூரியனுக்கு நடுவுல இருக்குறதும் அதேதான்.

குமிஸ் பத்தி கேக்காதவங்களே இல்ல, அதனால இங்கயே சொல்லிடறேன். குதிரைப் பாலைப் புளிக்க வெச்சது. குதிரைக்கு மாடு மாதிரி மடியில பால் தேங்கி நிக்காது, அதனால பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறக்கணும், அதுவும் குட்டியை முதல்ல ஊட்ட விட்டு, பால் சுரந்ததும் குட்டியை இழுத்துக் கட்டிட்டு, ஒரு முட்டியை மடக்கி உக்காந்து கறப்பாங்க. அந்தப் பாலைப் புகை போட்ட தோல் பையிலயோ மரப் பீப்பாயிலயோ ஊத்தி மரத் துடுப்பால அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, போற வர்ற ஆளெல்லாம் நாலு அடி அடிச்சிட்டுப் போகணும். ருசி? புளிச்ச மோருல புகை வாசனையும் லேசா சோடா மாதிரி குறுகுறுப்பும். முதல் நாள் அரைக் கிண்ணத்தோட நிறுத்திக்கோங்க. வயித்தைப் பத்தி இதுக்கு மேல விளக்கமா எழுத வேண்டாம்.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

சைவம்னா கஷ்டம், மறைக்க ஒன்னும் இல்ல. கறி இல்லாத சூப்புன்னு கேட்டா கறியை மட்டும் எடுத்துட்டு அதே சூப்பைக் குடுப்பாங்க. பிஷ்கெக்ல இந்தியன் ரெஸ்டாரன்ட், ஸ்டூடன்ட் மெஸ் இருக்கு, அங்கேயே இருக்குற ஓஷ் பஜார்ங்கற மார்க்கெட்ல காய்கறி, பருப்பு, அரிசி எல்லாம் கெடைக்கும், சமைக்கத் தெரிஞ்சா தப்பிச்சுக்கலாம். புளி, கறிவேப்பிலை ஊர்லேருந்து எடுத்துட்டுப் போங்க.

கறி சாப்பிடறவங்களுக்கு சொர்க்கம். பெஷ்பர்மாக்னு வேக வெச்ச ஆட்டுக்கறியோ குதிரைக்கறியோ பொடிசா நறுக்கி நூடுல்ஸ்ல பெரட்டினது, விசேஷ சாப்பாடு. விருந்துல ஆட்டோட எந்த எலும்பு யாருக்குன்னு வயசு, மரியாதை பாத்துதான் வைப்பாங்க, தலை மரியாதைக்குரிய பெரியவருக்கு. மிச்சம் ஆன கறியை கேரி பேக்ல கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது அங்க கௌரவக் குறைச்சலே இல்ல, எடுத்துட்டுப் போகலைன்னாதான் கோவிச்சுக்குவாங்க. லக்மான்னு கையால இழுத்த நூடுல்ஸ், ஓஷ் பக்கம் உஸ்கென் ஊரு செவப்பு அரிசியில செய்யுற பிலோவ், தந்தூர்ல சுட்ட சம்சா. சம்சாவைக் கடிக்கும்போது முன்னாடி குனிஞ்சு கடிங்க, உள்ள இருக்குற சூடான கொழுப்பு நேரா சட்டையில இறங்கும்.

எனக்குப் புடிச்சது காராகோல் ஊரு அஷ்லான்-ஃபூ. டுங்கன் ஆளுங்களோட சாப்பாடு, சில்லுனு வினிகர் தண்ணியில நூடுல்ஸ், வழவழன்னு ஸ்டார்ச் ஜெல்லி, முட்டை, பூண்டு, செவப்பு மிளகாய் விழுது. மார்க்கெட்டுக்குள்ள ஒரு சந்து முழுக்க இதே கடைதான். காரமும் புளிப்பும் இல்லாம செத்துப் போன நாக்கு அங்க போய்தான் உயிர் வரும்.

ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. ரொட்டியைக் கவுத்துப் போடக் கூடாது, தரையில வைக்கவே கூடாது. அவசரமா கெளம்புறவங்களையும் ஒரு துண்டு ரொட்டியாவது பிச்சு வாயில போட வெச்சுதான் அனுப்புவாங்க. டீயைக் கிண்ணத்துல பாதிதான் ஊத்துவாங்க, கஞ்சத்தனம் இல்ல, சூடா திரும்பத் திரும்ப ஊத்தணும்னுதான். கிண்ணம் நிறைய ஊத்திட்டாங்கன்னா கெளம்பற நேரம் ஆச்சுன்னு புரிஞ்சுக்கோங்க.

குளிர் எவ்ளோ இருக்கும்?

பிஷ்கெக் சுமார் 800 மீட்டர்தான், ஜனவரியில மைனஸ் 5லேருந்து மைனஸ் 15, சில நாள் அதுக்கும் கீழ. நரின் பக்கம் மைனஸ் 30 சகஜம். ஆனா ஜூலையில பிஷ்கெக்ல 35, 38னு அடிக்கும், இதை யாரும் சொல்லாததால பசங்க கோட்டு மட்டும் எடுத்துட்டு வந்து நிப்பாங்க.

குளிரை விட மோசம் புகை. நகரத்துக்குள்ள பழைய சோவியத் அப்பார்ட்மென்ட்டுக்கெல்லாம் அனல் மின் நிலையத்துல இருந்து பைப்புல சுடுதண்ணி வரும், ரூம் கதகதன்னு இருக்கும், ஹீட்டரை நம்மால குறைக்க முடியாது, ஜன்னலைத் தொறந்துதான் சூட்டைக் குறைக்கணும். ஆனா நகரத்தைச் சுத்தி புதுசா முளைச்ச காலனி வீடுங்கள்ல நிலக்கரி அடுப்புதான். மலை சுத்தி நிக்குறதால குளிர்காலத்துல காத்து நகராது, மேல சூடான காத்து மூடி போட்டாப்ல உக்காந்துக்கும், டிசம்பர் ஜனவரியில உலகத்துலயே மோசமான காத்து லிஸ்ட்ல பிஷ்கெக் பேர் அடிக்கடி மேல வரும். ஆஸ்துமா இருக்குற பசங்களை அனுப்பறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க. இன்னொன்னு, கோடையில மராமத்துக்குன்னு வாரக்கணக்குல சுடுதண்ணியை நிறுத்திடுவாங்க. தண்ணி மலையில உருகின பனி, தலையில ஊத்தினா அம்மான்னு கத்துவீங்க.

இவ்ளோ ஆறு இருக்கே, கரண்ட் கட் ஏன்?

கரண்ட்ல பெரும்பங்கு தண்ணியில இருந்துதான், அதுவும் நரின் ஆத்துல சோவியத் காலத்துல கட்டின தோக்தோகுல் அணைதான் முதுகெலும்பு. நரின் ஆறுதான் கீழ போய் சிர் தாரியா ஆகுது. கிர்கிஸ்காரங்களுக்குக் குளிர்காலத்துல ஹீட்டர் ஓட்டத் தண்ணியத் தொறந்து விடணும், கீழ இருக்குற உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான்காரங்களுக்குப் பருத்தி வயலுக்குக் கோடையில தண்ணி வேணும். சோவியத் காலத்துல மாஸ்கோ உக்காந்து பஞ்சாயத்து பண்ணுச்சு, நீ கோடையில தண்ணி விடு, அவங்க குளிருக்கு நிலக்கரியும் கேஸும் தருவாங்கன்னு. 1991க்கு அப்புறம் அந்தக் கணக்கு அந்து போச்சு, கேஸுக்குக் காசு குடுன்னு கேட்டாங்க, இவங்க குளிர்லயே தண்ணியத் தொறந்தாங்க. இப்போ தேவை ஏறிடுச்சு, அணையில மட்டம் குறையுது, அதனால குளிர்காலத்துல சிக்கனம் சிக்கனம்னு கடை போர்டு லைட்டைக் கூட அணைக்கச் சொல்றாங்க. கம்பராதா-1னு இன்னொரு பெரிய அணைக்கு இப்போ மூணு நாடும் சேந்தே கை போட்டிருக்காங்க.

காசு எப்படி? ஜனங்க என்ன வேலை பாக்குறாங்க?

கரன்சி சோம், ஒரு சோம் கிட்டத்தட்ட ஒரு ரூபா, கணக்கு போடவே வேணாம். 3 சோம் காசு கூட இருக்கு. நாட்டுக்கு வருமானம்னா கும்தோர் தங்கச் சுரங்கம், 4,000 மீட்டர் ஒசரத்துல பனிப்பாறைக்குப் பக்கத்துல, கனடா கம்பெனிகிட்ட இருந்து 2021ல அரசாங்கம் கைப்பத்திச்சு. அடுத்து ரஷ்யாவுல வேலை பாக்குறவங்க அனுப்புற பணம், நாட்டு உற்பத்தியில கால் பங்கு அளவுக்கு இருந்த வருஷங்களும் உண்டு. கிராமத்துல நிறைய வீட்டுல தாத்தா பாட்டியும் பேரப் பசங்களும்தான், நடுத்தலைமுறை மாஸ்கோவுல. பிஷ்கெக் ஓரத்துல தொர்தோய் பஜார்னு ஒன்னு, கப்பல் கன்டெய்னரை ரெண்டு அடுக்கா வெச்சுக் கீழ கடை, மேல குடோன், தெருத் தெருவா போய்க்கிட்டே இருக்கும், சீனாச் சரக்கு வந்து சுத்து வட்டார நாட்டுக்கெல்லாம் போற இடம்.

பொண்ணு தூக்குறாங்களாமே, உண்மையா?

உண்மை. 'அலா கச்சூ'ன்னு சொல்லுவாங்க. சில ஜோடிங்க பேசி வெச்சு ஓடிப் போறதும் இதே பேர்லதான் வரும், ஆனா பொண்ணுக்கு இஷ்டமே இல்லாம கார்ல தூக்கிட்டுப் போறதும் இருக்கு. இதைப் பாரம்பரியம்னு சப்பைக்கட்டு கட்டுறவங்களை நம்பாதீங்க. சட்டப்படி குத்தம், 2013ல தண்டனையைக் கூட்டினாங்க. 2018ல தூக்கிட்டு வந்த ஆளு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே ஒரு காலேஜ் பொண்ணைக் கொன்னான், 2021லயும் ஒரு கொலை, பிஷ்கெக் தெருவுல பெரிய போராட்டமே நடந்துச்சு. இதே நாட்டுலதான் 2010ல ரோசா ஒதுன்பாயேவான்னு ஒரு பொம்பளை அதிபரா வந்தாங்க, மத்திய ஆசியாவுலயே முதல் தடவை. 50 சோம் நோட்டுல இருக்குறது குர்மன்ஜான் தாத்கா, 19ஆம் நூற்றாண்டுல தெற்கு மலையை ஆண்ட அம்மா. ரெண்டுமே அங்க உண்மைதான்.

அடிக்கடி ஆட்சி கவுருதே?

2005, 2010, 2020, மூணு தடவை ஜனங்க தெருவுல எறங்கி அதிபரை எறக்கியிருக்காங்க. 2021லேருந்து சதிர் ஜபரோவ், அதுக்கப்புறம் பத்திரிகைக்காரங்களுக்கு நெருக்கடி ஜாஸ்தி. ஸ்டூடன்ட்ஸ் அரசியல் கூட்டம் பக்கமே போக வேணாம்.

மனாஸ் மனாஸ்னு எல்லா இடத்துலயும் பேர் இருக்கே, யாரு?

அவங்களோட காவிய நாயகன். ஏர்போர்ட், தெரு, யுனிவர்சிட்டி எல்லாத்துக்கும் அவர் பேர்தான். வாய்மொழியா வந்த பாட்டு, சயக்பாய் கரலயெவ்ங்கற பாடகர் பாடி எழுதி எடுத்தது மட்டுமே 5 லட்சம் வரி சுமாரா வரும். பாடுறவங்களை மனாஸ்சின்னு சொல்லுவாங்க, வாத்தியம் எதுவும் கிடையாது, உக்காந்து கையை ஆட்டி ஆட்டி வேகம் புடிச்சா சாமி வந்த மாதிரி இருக்கும்.

பழைய மாஸ்கோ பதிப்பகத் தமிழ் புஸ்தகங்க படிச்சவங்களுக்கு எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் தெரிஞ்சிருக்கும், அவர் இந்த நாட்டுக்காரர், தலாஸ் பக்கம் ஷேக்கெர் கிராமம். அவரோட அப்பாவை 1938ல ஸ்டாலின் ஆளுங்க சுட்டுட்டாங்க, எங்க புதைச்சாங்கன்னு 50 வருஷத்துக்கு மேல குடும்பத்துக்கே தெரியாது. 1991ல பிஷ்கெக் பக்கத்துல ஒரு பழைய செங்கல் சூளையைத் தோண்டினப்ப 137 பேரோட எலும்பு, அதுல ஒரு சட்டைப் பையில இருந்த குற்றப்பத்திரிகைத் தாளுல அந்த அப்பா பேர் இருந்துச்சு. அந்த இடம் இப்போ அதா-பெயித் நினைவிடம், 2008ல மகனையும் அங்கேயே அடக்கம் பண்ணாங்க. பிஷ்கெக்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ளதான், டூர் போறவங்க யாரும் போறதில்ல, போங்க.

நம்ம பசங்களுக்கு பாதுகாப்பா? படிப்பு செல்லுமா?

ஆயிரக்கணக்குல இந்தியப் பசங்க படிக்கிறாங்க, தமிழ்ப் பசங்களும் நிறைய. சாதாரண நாள்ல பயம் இல்ல. ஆனா 2024 மே 17 ராத்திரி பிஷ்கெக்ல வெளிநாட்டுப் பசங்க ஹாஸ்டல்ங்களைக் கும்பல் கும்பலா வந்து தாக்கினாங்க, அதுக்கு முன்னாடி நடந்த ஒரு சண்டை வீடியோ பரவினதுல வந்த வினை. அடி வாங்கினதுல பாகிஸ்தான் பசங்கதான் அதிகம், இந்தியத் தூதரகமும் வெளிய வராதீங்கன்னு சொல்லுச்சு. அப்புறம் அடங்கிடுச்சு, ஆனாலும் ராத்திரி லேட்டா குடிச்சவங்க கூட்டம் இருக்குற இடத்துல நிக்காதீங்க.

படிப்புக்கு என்எம்சி (நம்ம நாட்டு தேசிய மருத்துவ ஆணையம்) 2021 விதிதான் கணக்கு: நீட் பாஸ், கொறஞ்சது 54 மாசப் படிப்பு, இங்கிலீஷ் மீடியம், அதே இடத்துல 12 மாச இன்டர்ன்ஷிப், அந்த நாட்டுலயே பிராக்டிஸ் பண்ண லைசென்ஸ் கெடைக்கிற டிகிரியா இருக்கணும். திரும்பி வந்து ஸ்கிரீனிங் எக்ஸாம் வேற. ஏஜென்ட் சொல்றதை எழுத்துல வாங்குங்க. ஆஸ்பத்திரியில பேஷன்ட் பேசுறது ரஷ்யனும் கிர்கிஸும்தான், அதைக் கத்துக்காத பையன் வார்டுல பொம்மை மாதிரி நிப்பான்.

டூர் போறதுன்னா எப்போ, எங்க?

ஜூன் கடைசிலேருந்து செப்டம்பர் நடு வரைக்கும். நேரம் கம்மின்னா அலா-ஆர்ச்சா, பிஷ்கெக்ல இருந்து 40 கிலோமீட்டர் சுமாரா, காலையில போய் சாயந்தரம் வரலாம். அடுத்து இஸிக்-குல், 182 கிலோமீட்டர் நீளம், 668 மீட்டர் ஆழம், 1,607 மீட்டர் ஒசரத்துல இருந்தும் குளிர்ல உறையாது, ஆழமும் லேசான உப்பும்தான் காரணம். ஆறுங்க உள்ள வரும், வெளிய ஒன்னும் போகாது. வடக்குக் கரை சோல்பான்-அதா பக்கம் ஜூலை ஆகஸ்ட்ல ரஷ்ய, கஜக் டூரிஸ்ட் கூட்டம், பாட்டுச் சத்தம் தாங்காது. தெற்குக் கரை அமைதி, கழுகு வளக்குறவங்க இருக்குற பொக்கோன்பாயெவோ அங்கதான். நாட்டோட தெற்குல அர்ஸ்லான்பாப் வால்நட் காடு, செப்டம்பர் கடைசியில ஊரே குடும்பத்தோட காட்டுக்குள்ள போய் காய் பொறுக்கும்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், இ-விசாவை ஆன்லைன்லயே போடலாம். சிட்டிக்குள்ள யாண்டெக்ஸ் டாக்சி, வழி பாக்க 2ஜிஐஎஸ் ஆப், ரெண்டும் போன்ல ஏத்திக்கோங்க. சோன்-குல் மாதிரி இடத்துக்கு ஒரே நாள்ல ஏறினா தலைவலி, வாந்தி வரலாம், நடுவுல கோச்கோர்ல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க. மேல ஏடிஎம் கிடையாது, யுர்ட்டுக்கும் குதிரைக்கும் ரொக்கமாத்தான் குடுக்கணும், அதையும் சில்லறை நோட்டா கோச்கோர்லயே எடுத்துக்கோங்க.